நெல்டாவின் ராணி ஜோடி

பர்ல் மாடக்ஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்ததும், லூப்பேயின் தீவனக் கடைப் பின்னறையில் மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றுவிட்டது.

மேற்கு டெக்சஸ்காரன் தொப்பியைச் சும்மா கழற்றமாட்டான். அந்தச் சனிக்கிழமைச் சீட்டு மேசையிலோ அதற்கு ஒரே அர்த்தம்தான்: யார்மேலோ குற்றம் சொல்லப் போகிறான். அது தீரும்வரை தொப்பி மேசையிலேயே இருக்கும், அவன் வழுக்கையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொய்க் குற்றம் என்றாகிவிட்டால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும். அதனால் கண்டவனும் கழற்றுவதில்லை. பர்லின் மண்டை வெளுப்பு அந்த அறைக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

"மிஸ் நெல்டா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் சொல்றது உங்க வீட்டுக்காரனை. ஹோய்ட் உங்களுக்கு விட்டுக்குடுத்து ஆடறான்."

நெல்டா க்ராப்ட்ரீ பீக்கான் கொட்டைப் பலகாரத்தில் குத்திய முள்கரண்டியை அப்படியே விட்டாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான் ஹோய்ட். அவன் காது சிவந்தது. ஹோய்ட்டின் காது எதற்கும் சிவக்கும்: கோபத்துக்கும் சிவக்கும், வெட்கத்துக்கும் சிவக்கும், மிளகாய் ஊறுகாய்க்கும் சிவக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் சொல்லிவிட முடியாது.

"யோசிச்சுத்தான் வெச்சியா பர்ல்?" என்றார் லூப்பே கான்ட்டு. கடையும் அவருடையது, மேசையும் அவருடையது, சீட்டுப் போடுவதும் அவரே. "இப்பவே எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டா நாங்க யாரும் பாக்கல."

"யோசிச்சுத்தான் வெச்சேன். நம்மகூட ஆடறப்போ ஹோய்ட் ஓநாய். கடைசியில அவனும் மிஸ் நெல்டாவும் மட்டும் மிஞ்சினா போதும், ஞாயித்துக்கிழமை ஊழியக்காரன் மாதிரி மேசையத் தட்டிக்கிட்டே இருக்கான். ஒரு பந்தயம் கட்டமாட்டான்."

"ஊழியக்காரனை ஏம்ப்பா இழுக்கறே?" என்றார் டீக்கன் ஃப்ளாய்ட். ஞாயிறு முழுக்கக் கோயிலிலும் சனி முழுக்க இங்கேயும் இருக்கிற மனிதர். "நாங்க கதவத் தட்டினா காணிக்கை வாங்காம போனதா சரித்திரமே இல்ல."

சிரித்தார்கள். நெல்டா சிரிக்கவில்லை.

சட்டம் அவளுக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பி இருவர் கூடிக்கொண்டு, அங்கோரா ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பதுபோல் இந்த மேசையைக் கத்தரித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் வந்த சட்டம் அது. உறவுக்காரர்கள் ஒரே மேசையில் உட்காரலாம். ஒருவருக்கொருவர் இரக்கம் காட்டக்கூடாது. காட்டியது உறுதியானால் இரண்டு நாற்காலியில் ஒன்று நிரந்தரமாக எழவேண்டும். எந்த நாற்காலி என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த அறையில் பாவாடை கட்டிய ஆள் ஒருத்திதான்.

அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. ஹோய்ட் காற்றாலை பழுதுபார்க்கிறவன். ஒருமுறை கோபுரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோது, அவன் இடம் காலியாகக் கிடக்கக்கூடாது என்று வந்து உட்கார்ந்தாள். அவன் கை கூடித் திரும்பி வந்தபோது இவளை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. லூப்பே இன்னொரு நாற்காலி போடும்படி ஆயிற்று. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் நெல்டா. முதுகுக்குப் பின்னால் எந்தப் பையன் எவன் சட்டைக்குள் பல்லியைப் போடப் போகிறான் என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பர்ல் மாடக்ஸின் முகம் அந்தப் பையன்களின் முகத்தைவிடச் சுலபம். கடந்த சில சனிக்கிழமைகளாக அவன் பந்தய வில்லைகள் போய்ச் சேர்ந்த இடம் நெல்டாவின் முன்னால்தான். அந்த வயிற்றெரிச்சல்தான் இன்றைக்குத் தொப்பியைக் கழற்ற வைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். வயிறு எரிகிறவன் சொல்வதும் சிலசமயம் உண்மையாக இருந்து தொலைக்கும் என்பதுதான் நெல்டாவின் கவலை.

ஏனென்றால் அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

இரண்டு தடவை. சென்ற மாதம் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று. இருவர் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் ஹோய்ட் கடைசிவரை தட்டிக்கொண்டே வந்து, அவளுடைய சின்ன ஜோடியைப் பார்த்ததும் தன் சீட்டைக் காட்டாமல் கழித்த சீட்டுகளோடு தள்ளிவிட்டான். அந்தச் சீட்டு என்னவாக இருந்தது? வீட்டில் கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு நாற்காலி போட்ட அன்றே இருவரும் சேர்ந்து ஒரு சத்தியம் செய்திருந்தார்கள்: சீட்டுப் பேச்சு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. கூடிப்பேசித் திட்டம் போடுகிறார்கள் என்று ஊர் சொல்லிவிடக்கூடாதல்லவா. ஊர் எப்படியும் சொல்லிவிட்டது, சத்தியம்தான் மிச்சம்.

ஹோய்ட்டோ, ஆடு முட்டித் தள்ளினால் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி. ஊரில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். அந்த நல்ல குணம்தான் இப்போது நெல்டாவுக்குப் பயமாக இருந்தது. நாற்காலி போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பர்ல் சொல்வது மெய்யானால், தன் சாமர்த்தியம் என்று அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப்போன ஒவ்வொரு சனிக்கிழமையும் புருஷன் போட்ட பிச்சை. அதைவிட பர்லிடமே தோற்றிருக்கலாம்.

"சரி," என்றார் லூப்பே. "தொப்பி இறங்கிடுச்சு. கடை சாத்தற வரைக்கும் இவங்க ரெண்டு பேர் மட்டும் மிஞ்சற ஆட்டத்துல, முடிஞ்சதும் ரெண்டு பேர் சீட்டையும் நான் தெறந்து காட்டுவேன். கீழ போட்ட சீட்டா இருந்தாலும் சரி. ஹோய்ட், சம்மதமா?"

"ம்."

"மிஸ் நெல்டா?"

"வெட்டியா பேசிக்கிட்டிருக்காதீங்க, லூப்பே. போடுங்க."

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வாசனையும் கூரைத் தகரத்தின் வெக்கையுமாக மதியம் நகர்ந்தது. தேநீரில் ஐஸ் கரைந்து தண்ணீராயிற்று. யாரும் மீண்டும் ஊற்றிக்கொள்ளவில்லை. புருஷனும் பெண்சாதியும் மட்டும் மிஞ்சும் ஆட்டம் வரவே மாட்டேன் என்றது. ஒருதரம் நெல்டா சீட்டைக் கீழே போட்டு ஆட்டத்தை விட்டாள், ஒருதரம் ஹோய்ட் விட்டான், நடுவில் டீக்கன் புகுந்து ஒரு நல்ல குவியலை அள்ளிக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னார். பர்ல் எதிலும் சேராமல் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்புறம் வந்தது.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு விழும், முதலில் மூன்று, அப்புறம் ஒவ்வொன்றாக இரண்டு. நெல்டா தன் இரண்டின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்பேடு ராணி. ஹார்ட் ராணி. பொதுவாக இந்த ஜோடியைப் பார்த்தால் அவளுக்கு உள்ளங்கை குளிரும். அன்றைக்குக் குளிரவில்லை. அவள் பந்தயத்தை ஏற்றினாள். டீக்கன் சீட்டை விட்டார், பர்ல் விட்டான், சுற்றி வந்து எல்லாரும் விட்டார்கள். சீட்டு விழுமுன்னே பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயத்தை வைத்திருந்த ஹோய்ட் மட்டும் மிச்சம். அவன் ஒரு நிமிஷம் சீட்டைப் பார்த்தான். ஏற்றவும் இல்லை, விடவும் இல்லை. அவள் வைத்ததற்கு ஈடு வைத்தான்.

"ஆகா," என்றான் பர்ல், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

லூப்பே நடுவில் மூன்றைத் திறந்தார். ஹார்ட் ஏஸ். கிளாவர் ராஜா. டைமண்ட் நாலு.

ராணி ஜோடிக்கு மேலே உலகத்தில் இரண்டே பேர்தான் உண்டு, ராஜாவும் ஏஸும். அந்த இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வராதவரை அவள் ராணி. வந்துவிட்டால் அந்த வீட்டு வேலைக்காரி.

முதலில் பேசவேண்டியது ஹோய்ட். நெல்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கட்டு, என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஏஸ் இருந்தால் கட்டு. இல்லாவிட்டாலும் கட்டு. என் தலையில் ஓங்கிப் போடு.

ஹோய்ட் விரல் முட்டியால் மேசையைத் தட்டினான். பந்தயம் இல்லை, உன் முறை என்று அர்த்தம்.

பர்ல் தொப்பியை ஒரு விரலால் திருப்பி வைத்தான். அது போதுமாயிருந்தது.

நெல்டாவுக்கு முகம் எரிந்தது. இந்த இடத்தில் புத்தியுள்ளவள் செய்வது அவளுக்குத் தெரியும். எதிராளி தட்டினான் அல்லவா, நாமும் தட்டு. மேலே இரண்டு பெரிய சீட்டு கிடக்கும்போது ராணியை வைத்துக்கொண்டு துள்ளாதே. செலவில்லாமல் கடைசிவரை போய்ப் பார். எதிரில் வேறு யாராயிருந்தாலும் அவள் அப்படித்தான் ஆடியிருப்பாள். ஆனால் இருவரும் இப்படியே தட்டிக்கொண்டு போய், முடிவில் லூப்பே ஹோய்ட்டின் சீட்டைத் திறக்க, அதில் ஒரு ஏஸ் இருந்தால்? அத்தோடு முடிந்தது கதை. அதைவிட, அவளுக்கே தெரியவேண்டியிருந்தது. அந்தத் தட்டல் பதுங்கலா, பாசமா? சீட்டுக்காக அல்ல, அந்த ஒரு பதிலுக்காகவே தன் குவியலில் பாதியளவு வில்லைகளை எண்ணாமல் தள்ளினாள்.

"கட்டறேன்," என்றாள். குரல் பஸ்ஸில் அதட்டுகிற குரலாக வந்தது.

ஹோய்ட் அசையவில்லை. வெளியே யாரோ லாரியில் மூட்டை ஏற்றும் சத்தம் கேட்டது. அவன் வெறுமனே விட்டுவிட்டால் ஒன்றுமே தெரியாது. சும்மா ஈடு வைத்தால் மறுபடி தட்டல், மறுபடி சந்தேகம். நெல்டா அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்த அதே அசட்டு முகம்.

ஹோய்ட் இரண்டு முழங்கையையும் தன் வில்லைகளுக்குப் பின்னால் வைத்து, எல்லாவற்றையும் ஒரே தள்ளாக நடுவில் தள்ளினான். ஒரு வில்லைகூட மிச்சமில்லை.

"ஆமென்," என்றார் டீக்கன், தன்னையறியாமல்.

நெல்டாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பெரிய பந்தயம் தலையில் விழுந்து இப்படிக் குளிர்ந்துபோனவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பதுங்கல்தான்! புலி பதுங்கியிருக்கிறது!

அடுத்த மூச்சில் அந்தச் சந்தோஷத்தில் ஓட்டை விழுந்தது. தொப்பி மேசைமேல் இருக்கிறது. ஹோய்ட்டுக்கும் அது தெரியும். அவள் நாற்காலியைக் காப்பாற்ற வேண்டும் என்று, கையில் ஒன்றுமில்லாமலே, ஊர் பார்க்க எல்லாவற்றையும் தள்ளியிருந்தால்? ஈடு வை நெல்டா, ஜெயித்துக்கொள், நான் உன்னை எதிர்த்து ஆடினேன் என்று இவர்கள் நம்பட்டும், என்று. செய்யக்கூடியவன். ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கிறவன் இதையும் செய்வான். அப்படியானால் இந்த ராணி ஜோடி ஜெயிக்கிற சீட்டு. ஈடு வைக்கவேண்டியதுதான். ஜெயித்த கையோடு லூப்பே அவன் குப்பையைத் திறந்து காட்டுவார்; பர்ல் எழுந்து நின்று கைதட்டுவான்.

"நேரம் எடுத்துக்கோங்க மேம்," என்றான் பர்ல். குரலில் தேன் வழிந்தது. "குடும்ப விஷயம்."

"பர்ல், உனக்கு ஆண்டவன் வாய் ஒண்ணுதானே குடுத்திருக்கான்? அதையும் மூடி வெச்சுக்க," என்றார் லூப்பே.

நெல்டா யோசித்தாள். இப்போது அவள் முன்னால் இருந்த கேள்வி சீட்டைப் பற்றியதே அல்ல. இவன் நல்லவனா, ஆட்டக்காரனா? நல்லவன் என்று நினைத்தால் ஈடு வைக்கவேண்டும். ஆட்டக்காரன் என்று நம்பினால் ராணி ஜோடியைக் கீழே போடவேண்டும். பர்லுக்கு இதெல்லாம் புரியாது. அவனுக்குக் கல்யாணம் இரண்டு முறை ஆகி இரண்டும் நிலைக்கவில்லை.

அவள் நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள், பஸ்ஸில் சண்டை வந்தால் யார் முதலில் கை வைத்தது என்று ஓட்டிப் பார்ப்பதுபோல. சீட்டு திறந்தது. ஹோய்ட் தட்டினான். தட்டுவதற்கு முன்னால்? தட்டுவதற்கு முன்னால் அவன் கண் எங்கே போனது?

அவள் முகத்துக்கு வரவில்லை. இரக்கப்படுகிறவன் முகத்தைப் பார்ப்பான். வலிக்குமோ என்று பார்ப்பான். ஹோய்ட் பார்த்தது அவளுடைய வில்லைக் குவியலை. உயரத்திலிருந்து அடிவரை ஒருதரம் பார்த்தான், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று குழாய் இறக்குமுன் பார்க்கிற அதே பார்வை. எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் தட்டினான்.

என் புருஷன் என்னை மொத்தமாக உரிக்கப் பார்த்தான்!

நெல்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். இரண்டு ராணிகளையும் எடுத்து, முகம் மேலே தெரிய, மேசைமேல் ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்தாள்.

"விட்டுட்டேன்."

நாற்காலிகள் முனகின. பர்ல் பாதி எழுந்துவிட்டான். "ராணி ஜோடி! ராணி ஜோடியக் கீழ போடறாங்க பாருங்க! இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்? அவன் தட்டறான், இவங்க ஒரு ஒப்புக்குக் கட்டறாங்க, அவன் தள்ளறான், இவங்க விடறாங்க. ரெண்டு பேரும் நடனமில்ல ஆடறாங்க!"

"உக்காரு பர்ல்," என்றார் லூப்பே. "பாதிப் படத்துல எந்திரிச்சுப் போற பழக்கம் உனக்கு எப்பவும் உண்டு."

அவர் கையை நீட்டி ஹோய்ட்டின் முன்னால் கவிழ்ந்துகிடந்த முதல் சீட்டைத் திருப்பினார். ஸ்பேடு ஏஸ். டீக்கன் மெல்ல விசிலடித்தார். லூப்பே இரண்டாவதைத் திருப்பினார்.

டைமண்ட் ராஜா.

ஏஸுக்கு ஏஸ் ஜோடி, ராஜாவுக்கு ராஜா ஜோடி. முதல் மூன்று சீட்டிலேயே அவளை இரண்டு பக்கமும் அடைத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் அந்த மனிதன் சாதுவாக மேசையைத் தட்டியிருக்கிறான். அவளாகவே கையை உள்ளே விடட்டும் என்று காத்திருந்து, விட்டதும் கதவைச் சாத்தியிருக்கிறான்.

டீக்கன்தான் முதலில் ஆரம்பித்தார். "பர்ல், நான் வேதம் படிக்கறவன். எரிகோவுக்குப் போற வழியில ஒருத்தனைக் கள்ளருங்க அடிச்சுப் போட்டுட்டுப் போனாங்களே, அவங்களுக்குக்கூட இவ்வளவு ஈரமில்லாத நெஞ்சு இல்ல. சொந்தப் பெண்டாட்டிய!"

பர்ல் சீட்டுகளை மாறி மாறிப் பார்த்தான். தப்புச் செய்தாலும் கோணல் ஆள் இல்லை அவன், எழுந்து நின்றான். "ஹோய்ட், நான் சொன்னது தப்பு. நீ யாருக்கும் விட்டுக்குடுக்கற ஆளில்ல. மிஸ் நெல்டா, உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டவன், உட்காராமல் இன்னும் ராணிகளையே பார்த்தான். "ஆனா ஒண்ணு சொல்றேன் மேம். உங்க இடத்துல நான் இருந்திருந்தா அந்த ஜோடியக் கீழ வெச்சிருக்கவே மாட்டேன்."

"தெரியும் பர்ல்," என்றாள் நெல்டா. "அதனாலதான் உங்க வில்லையெல்லாம் எங்கிட்ட இருக்கு."

தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். பர்லும் சிரித்துவிட்டான்.

ஹோய்ட் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் தீயாய்ச் சிவந்திருந்தது. அவன் தொண்டையைக் கனைத்தான். "நெல்டா, ஒண்ணு சொல்லணும்."

அவளுக்குப் பகீரென்றது. எல்லாம் நல்லபடி முடிந்த நேரத்தில் இந்த மனிதன் வழக்கம்போல் குழைந்து எல்லாவற்றையும் கெடுக்கப் போகிறான். "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்துது, ஹோய்ட் க்ராப்ட்ரீ, ஒரு நாற்காலியத் தூக்கி நானே தெருவுல போடுவேன். என்னோடது இல்ல, உன்னோடது."

"மன்னிப்பா? எதுக்கு?" ஹோய்ட் நிஜமாகவே திகைத்தான். அவளிடம் மிஞ்சியிருந்த வில்லைகளைக் கையால் காட்டினான். "ராணி ஜோடிய வெச்சுக்கிட்டு அதையும் உள்ள தள்ளியிருக்கவேண்டியதுதானே? அதுக்காகத்தான் நான் அவ்வளவு நேரம் மூச்சு விடாம உக்காந்திருந்தேன். பாதிதான் கெடச்சுது. வேற யாராயிருந்தாலும் முழுசையும் குடுத்திருப்பாங்க."

அவன் சொன்ன விதத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. கிணறு தோண்டிப் பாதியில் பாறை தட்டினவனின் வருத்தம்.

நெல்டா அவனையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் எத்தனையோ இனிப்பாகப் பேசியிருக்கிறான். எதுவும் அவளை இப்படி நிமிர்ந்து உட்கார வைத்ததில்லை. மேசையில் இருந்த அத்தனை பேரிலும் தன்னிடம் ஏமாறாத ஒரே ஆள் என்று அவன் அவள்மேல் கோபமாக இருந்தான். அவளுக்கு அது போதும்.

"சீட்டைப் போடுங்க லூப்பே," என்றாள். "இவன் இன்னும் பசியோடதான் இருக்கான்."